லிலியான் துராமும் ‘கறுப்பர் சிறப்பு’ இலக்கியமும்

விளையாட்டு வீரர்களின் பெயர் தாங்கி வெளிவரும் நூல்களை ஆய்வுக்குரியனவாக நம் ஏடுகள் பொதுவாகக் கொள்வதில்லை. வெற்றிகளை வரிசைப்படுத்துவதும், பயிற்சியாளர்க்கு நன்றி கூறுவதும், இளைஞர்க்கு அறிவுரை வழங்குவதுமாக அவற்றுள் பல முடிந்துவிடுகின்றன. பிரான்சு நாட்டுக் கால்பந்தாட்ட அணியில் 1994 முதல் 2008 வரை பின்கள ஆட்டக்காரராக விளங்கிய லிலியான் துராம் எழுதிய நூல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. 2010-இல் வெளிவந்த ‘எனது கறுப்பு நட்சத்திரங்கள்’, 2020-இல் வெளிவந்த ‘வெள்ளைச் சிந்தனை’ ஆகிய இரண்டும் ஒரே வினாவை இருவேறு வழிகளில் அணுகுகின்றன. தோலின் நிறம் கண்டு மனிதனைத் தாழ்த்தும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அதனை எவ்வாறு களைவது என்பதே அவ்வினா.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வினா புதியதன்று. கறுப்பு நிறத்தாரின் மேன்மையை எடுத்துரைப்பதற்கென்றே தனி நூல்கள் இயற்றிய மரபு ஒன்று ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு முதல் அம்மொழியில் உண்டு. துராம் அந்நூல்களைப் படித்து எழுதினார் என்று நாம் கூற வரவில்லை. ஆயினும் அவற்றையும் இவற்றையும் அருகருகே வைத்து நோக்கினால் துராமின் நிறைகுறைகள் தெளிவாகப் புலப்படும். நம் சமுதாயம் இவ்வழியில் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதும் புலப்படும்.

ஆட்ட வாழ்வு

துராம் 1972 ஜனவரி 1-இல் கரீபியக் கடலிலுள்ள பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான குவாதலூப் தீவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளையும் தனியொருத்தியாக வளர்த்த தாய், பிறர் இல்லங்களைத் துப்புரவு செய்து குடும்பம் காத்தவர். 1981-இல், ஒன்பது வயதில், துராம் பாரிசை அடுத்த பகுதிக்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒரு கேலிச்சித்திரத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வரும் கறுப்புப் பசு அறிவற்றது. வெள்ளைப் பசு அறிவுடையது. வகுப்புத் தோழர்கள் அக்கறுப்புப் பசுவின் பெயரால் அச்சிறுவனை அழைத்தனர். ஏன் இவ்வாறு என்று தாயிடம் கேட்டபோது, மக்கள் அப்படித்தான், அது மாறாது என்ற பொருளில் விடை கிடைத்தது. அவ்விடை தமக்கு நிறைவளிக்கவில்லை என்பதைத் துராம் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்துள்ளார். குவாதலூப்பில் தாம் ஒரு சிறுவன். பிரான்சுக்கு வந்த பின்னரே தாம் ‘கறுப்பன்’ ஆனதாக அவர் கூறுவார். அவருடைய எழுத்து முழுமைக்கும் வித்து இதுவே.

மொனாக்கோ, இத்தாலியின் பார்மா, யுவென்டஸ், ஸ்பெயினின் பார்சிலோனா ஆகிய கழகங்களுக்கு அவர் ஆடினார். பார்மாவில் 1999-இல் யுயெஃபா கோப்பை, யுவென்டஸில் 2002, 2003 ஆண்டுகளின் இத்தாலியப் பட்டம் ஆகியன அவர் பெற்ற வெற்றிகளுள் சில. நடுப் பின்களத்தில் ஆடுவதே அவர்க்கு இயல்பு எனினும், நாட்டு அணியில் வலப்புறப் பின்கள இடமே அவர்க்குப் பெரிதும் வாய்த்தது. 1998 உலகக் கோப்பையில் பிரான்சு அணி ஏழு ஆட்டங்களில் இரண்டே கோல்களை விட்டுக்கொடுத்தது. கானா நாட்டில் பிறந்த தெசாய், பாஸ்க் இனத்தவரான லிசாராசு, பிளான், துராம் என்னும் நால்வர் அமைத்த பின்களமே அதற்கு முதன்மைக் காரணம்.

அவ்விரண்டு கோல்களுள் ஒன்று துராமின் பிழையால் நேர்ந்தது. 1998 ஜூலை 8-இல் குரோஷியாவுடன் நடந்த அரையிறுதியின் இரண்டாம் பாதி தொடங்கிய உடனே, ஏனைய பின்களத்தார் ஒரு கோடாக முன்னேறியபோது துராம் பின்தங்கி நின்றார். அதனால் எதிரணியின் சூகெர் ஆஃப்சைடு ஆகாமல் தப்பிக் கோல் அடித்தார். அடுத்த நிமிடமே துராம் முன்னேறிச் சென்று பந்தைப் பறித்து ஈடுசெய்யும் கோலைப் போட்டார். 70-ஆம் நிமிடத்தில் இடக்காலால் இரண்டாவதையும் போட்டார். பிரான்சு 2-1 என வென்றது. நாட்டுக்காக அவர் ஆடிய 142 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் இவ்விரண்டே. இரண்டாவது கோலுக்குப் பின் மண்டியிட்டு, விரலை உதட்டில் வைத்து, ஆழ்ந்து சிந்திப்பவர்போல் அவர் அமர்ந்திருந்த படம் உலகெங்கும் பரவியது. நான்கு நாள் கழித்து பிரேசிலை 3-0 என வென்று பிரான்சு முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. போட்டியின் மூன்றாம் சிறந்த ஆட்டக்காரர் என்னும் வெண்கலப் பந்து துராமுக்கு வழங்கப்பட்டது. 142 ஆட்டங்கள் என்னும் அவருடைய எண்ணிக்கை 2022 உலகக் கோப்பையில் கோல்காவலர் லோரிஸ் கடக்கும்வரை பிரெஞ்சு ஆடவர் அணியின் உச்சமாக நிலைத்தது. 2008-இல் இதயக் குறைபாடு கண்டறியப்பட்டதும் அவர் ஆட்டத்தினின்று விலகினார்.

அக்கோப்பையை வென்ற அணியில் கறுப்பர், வெள்ளையர், வட ஆபிரிக்க வழியினர் ஆகிய மூவகையாரும் இருந்தனர் என்று பிரான்சு பெருமைப்பட்டது. இன வேற்றுமை முடிந்துவிட்டது என்றே பலர் எழுதினர். அம்மகிழ்ச்சியின் ஆழம் மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 2001 அக்டோபர் 6-இல் பிரான்சு, அல்ஜீரியா அணிகள் பாரிசில் ஆடியபோது பிரெஞ்சு நாட்டுப்பண் இகழொலிக்கு உள்ளாயிற்று. இளைஞர் பலர் ஆடுகளத்தில் புகுந்ததால் ஆட்டம் பாதியில் நின்றது. களத்தில் புகுந்த இளைஞன் ஒருவனைத் துராம் பற்றி நிறுத்திக் கடிந்துகொண்டதைத் தொலைக்காட்சிகள் காட்டின. 2005-இல் பாரிசின் புறநகரில் காவலர்க்கு அஞ்சி மின்நிலையத்துள் ஒளிந்த இரு சிறுவர் இறக்க, அதனால் நாடெங்கும் கலவரம் மூண்டது. அன்றைய உள்துறை அமைச்சர் சர்க்கோசி புறநகர் இளைஞரைக் குறித்து ஆண்ட இழிசொல்லைக் கண்டித்து, தாமும் அப்புறநகரிலேயே வளர்ந்தவர் என்று துராம் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு, கஷான் என்னும் ஊரில் குடியிருப்பினின்று வெளியேற்றப்பட்ட ஏழைக் குடியேறிகளைத் துராமும் வியேராவும் பிரான்சு, இத்தாலி ஆட்டத்துக்கு விருந்தினராக அழைத்தனர். 2001-இல் இளைஞனைக் கடிந்தவர் 2005-இல் இளைஞரின் பக்கம் நின்று பேசியதை முரண் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. இளைஞனின் செயலைக் கண்டிப்பதும், அவனை அந்நிலைக்குத் தள்ளிய அமைப்பைக் கண்டிப்பதும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் இயலும்.

சிறப்புகளைப் பட்டியலிடும் நூல்

2008-இல் இனவெறிக்கு எதிரான கல்விக்காகத் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவிய துராம், ஈராண்டுக்குப் பின் ‘எனது கறுப்பு நட்சத்திரங்கள்’ நூலை வெளியிட்டார். ஆபிரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட தொன்மை எலும்புக்கூடான லூசி முதல் ஒபாமா வரை, கறுப்பு நிறத்தவருள் மேன்மக்களின் வரலாறுகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஹெய்தி விடுதலை வீரர் தூசாந், மருத்துவச் சிந்தனையாளர் ஃபனோன், மால்கம் எக்ஸ், முஹம்மது அலி, ரோசா பார்க்ஸ், மண்டேலா முதலியோர் அதில் இடம்பெறுகின்றனர். பள்ளியில் கறுப்பரைப் பற்றித் தமக்குக் கற்பிக்கப்பட்டது அடிமைத்தனம் ஒன்றே. அதற்கு முன்னும் பின்னும் அவர்க்கு ஒரு வரலாறு உண்டு என்பதை எவரும் கூறவில்லை என்பது நூலின் அடிப்படைக் குறை கூறல். தம் மக்கள் இருவருள் ஒருவர்க்குக் கறுப்பர் இயக்கத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் நினைவாக மார்க்கஸ் என்றும், மற்றவர்க்கு எகிப்திய மன்னர் பெயரால் கெஃப்ரன் என்றும் அவர் பெயரிட்டதும் இதே நோக்கில்தான். மதுரையில் நம்மிடம் பயிலும் மாணவருள் கால்பந்து நோக்குவோர் இம்மக்களின் பெயரை அறிவர். தந்தையின் நூல்களை அறியார்.

இந்நூலைப் படிக்கும் அரபு மாணவர்க்கு உடனே நினைவில் எழுவது பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ் இயற்றிய ‘ஃபக்ருஸ் ஸூதான் அலல் பீழான்’ என்னும் ஆக்கம். ‘வெள்ளையரினும் கறுப்பர்க்குள்ள பெருமை’ என்பது அதன் பொருள். அல்ஜாஹிஸின் முன்னோரே கறுப்பு நிறத்தவர் என்பாரும் உளர். கறுப்பருள் மேன்மை பெற்றோரை அவர் நிரல்படுத்துகிறார்: லுக்மானுல் ஹக்கீம், பிலால் (ரலி), பத்ரில் உயிர்நீத்த மிஹ்ஜஃ (ரலி), தாபிஈன்களுள் தலைசிறந்த ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) எனப் பட்டியல் நீள்கிறது. கறுப்பு என்பது தண்டனையோ உருக்குலைவோ அன்று, நிலத்தின் தன்மையாலும் வெப்பத்தாலும் விளைவது என்று அவர் வாதிடுகிறார். தமிழர்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. ‘ஸூதான்’ என்னும் கறுப்பர் தொகுதியில் அவர் ஆபிரிக்கரோடு ஹிந்து நாட்டாரையும் சேர்க்கிறார். நம் நாட்டாரின் கணிதம், வானியல், மருத்துவம், சதுரங்கம் ஆகியவற்றைக் கறுப்பரின் சிறப்புகளாகவே எண்ணிக் காட்டுகிறார். அவர் கணக்கின்படி நாமும் அப்பட்டியலுக்கு உரியவரே.

இம்மரபு அவரோடு முடியவில்லை. ஹிஜ்ரி 597-இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) ‘தன்வீருல் ஃகபஷ்’ என்னும் நூலைக் கறுப்பரின் சிறப்புக்கென்றே இயற்றினார். தம் நிறம் பற்றி மனமுடைந்திருந்த அபிசீனியர் சிலரைக் கண்டு, அவர்க்கு ஆறுதலாகவே எழுதத் தொடங்கியதாக முன்னுரையில் கூறுகிறார். ஹிஜ்ரி 911-இல் மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) அதனைப் பின்பற்றி ‘ரஃப்உ ஷஃனில் ஹுப்ஷான்’ எழுதினார். மனமுடைந்தோர்க்கு அவர்தம் முன்னோரின் மேன்மையை எடுத்துக்காட்டுதல் என்னும் இந்நோக்கமே துராமின் முதல் நூலுக்கும் உரியது. கறுப்புப் பசு என்று அழைக்கப்பட்ட சிறுவன் தன்னைப் போன்ற பிற சிறுவர்க்கு வழங்கும் மருந்து அது.

இவ்வகை இலக்கியத்தின் வலிமையும் தளர்ச்சியும் ஒன்றாகவே பயணிக்கின்றன. பட்டியல் நீளவேண்டும் என்னும் ஆர்வத்தில் சான்று மெலிந்தோரும் அதில் ஏறிவிடுகின்றனர். துராம் கிரேக்கக் கதைஞர் ஈசாப்பைச் சேர்க்கிறார். அல்ஜாஹிஸ் லுக்மானைக் கொண்டு தொடங்குகிறார். ஈசாப் கதைகளே அரபியில் ‘அம்ஸாலு லுக்மான்’ என்னும் பெயரில் வழங்குவதை நோக்கின், நூற்றாண்டுகள் கடந்து இருவரும் ஏறத்தாழ ஒரே உருவத்தைத் தேர்ந்தமை விந்தையே. ஆனால் ஈசாப்பின் நிறம் குறித்த செய்தி பிற்காலக் கதை மரபைச் சார்ந்தது. லுக்மானின் பெயரால் ஓர் அத்தியாயமே அமைந்த திருமறை அவர்தம் நிறம் குறித்து ஒன்றும் கூறவில்லை. அவர்க்கு ஞானம் வழங்கப்பட்டது என்பதே அது கூறுவது. அம்மௌனத்தை நாம் பொருளுடையதாகக் கொள்கிறோம்.

பட்டியலுக்கு அப்பால்

இதனினும் பெரிய தளர்ச்சி ஒன்று உண்டு. அல்ஜாஹிஸ் ஹிஜ்ரி 255-இன் தொடக்கத்தில் பஸராவில் மறைந்தார். அதே ஆண்டு ரமளானில், அதே பஸராவை அடுத்த சதுப்பு நிலத்தில், ஸன்ஜ் எனப்பட்ட கறுப்பு அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். நிலத்தின் மேற்படிந்த உப்புப் பொருக்கை அகற்றி, வேளாண்மைக்கு ஏற்றதாக்கும் கொடும் பணியில் கூட்டம் கூட்டமாக ஈடுபடுத்தப்பட்டவர் அவர். ஹிஜ்ரி 270 வரை அப்பாஸியப் பேரரசை அக்கிளர்ச்சி உலுக்கியது. இரு பக்கத்திலும் நேர்ந்த கொடுமைகளை அத்தபரீயின் வரலாற்றில் காணலாம். கறுப்பரின் பெருமை பேசும் உரைநடை அழகுற எழுதப்பட்ட ஊருக்கு ஒரு நாள் வழித்தொலைவில், அக்கறுப்பர் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். நூல் அறிஞர் அவையில் சுவைக்கப்பட்டது. உப்பு நிலத்தில் எதுவும் மாறவில்லை. லுக்மானின் ஞானமும் பிலாலின் பாங்கொலியும் அடிமை வணிகனின் கணக்கேட்டைத் தொடவில்லை.

அடிமை வணிகம் மேலை நாட்டார்க்கு மட்டும் உரிய பழி என்று நம்மிடையே சிலர் எழுதி வருவது வரலாற்றோடு பொருந்தாது. அடிமைகளை விடுதலை செய்தலைப் பெரும் வணக்கமாகவும் குற்றப்பரிகாரமாகவும் விதித்த மார்க்கத்தைப் பின்பற்றியோரே அவ்வணிகத்தை நூற்றாண்டுகள் நடத்தினர். துனிசியாவின் ஆட்சியாளர் அஹ்மத் பே 1846-இலேயே, அதாவது பிரான்சு தன் தீவுகளில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்ததற்கு ஈராண்டுக்கு முன்பே, தம் நாட்டில் அதனை ஒழித்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் கற்பிக்கவேண்டும்.

துராமிடம் நாம் காணும் வளர்ச்சி இவ்விடத்தில்தான் உள்ளது. அவர் பட்டியலோடு நின்றுவிடவில்லை. 2011-இல் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் நடந்த ‘காட்டுமிராண்டியைக் கற்பித்தல்’ பற்றிய கண்காட்சிக்கு அவர் தலைமை ஏற்றார். ஆபிரிக்கரையும் ஆசியரையும் வேலிக்குள் நிறுத்திக் கட்டணம் வாங்கி ஐரோப்பியர்க்குக் காட்டிய ‘மனிதக் காட்சிசாலை’களின் வரலாறு அங்கு வைக்கப்பட்டது. ‘வெள்ளைச் சிந்தனை’ நூலில் அவர் பார்வையை முற்றாகத் திருப்புகிறார். கறுப்பரிடம் என்ன சிறப்பு உண்டு என்று கேட்பதை விடுத்து, தம்மை நடுநிலை அளவுகோலாகக் கருதும் பழக்கம் வெள்ளையர்க்கு எவ்வாறு வந்தது என்று கேட்கிறார். அது பிறவிக் குணமன்று, சட்டத்தாலும் வணிகத்தாலும் பாடநூலாலும் கட்டப்பட்டது என்பது அவர் வாதம். பதினான்காம் லூயி 1685-இல் பிறப்பித்த ‘கறுப்பர் சட்டம்’ அடிமையை அசையும் சொத்தாக வகுத்தது. நெப்போலியன் 1802-இல் ஒழிந்த அடிமைமுறையை மீண்டும் நிறுவினார். இகழ்ச்சி முதலில் தோன்றி அதன்பின் அடிமைமுறை வந்ததன்று. இலாபத்துக்காக அடிமைமுறை வந்தது, அதனை நியாயப்படுத்த இகழ்ச்சி கற்பிக்கப்பட்டது என்கிறார்.

குவாதலூப்பும் மதுரைச் சமவெளியும்

இவ்வாதத்தை நம் நாட்டு வரலாறு இரு வகையில் உறுதிப்படுத்துகிறது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் குவாதலூப்பின் கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் தேடி நம் கரைக்கே வந்தனர். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை அத்தீவில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியே சென்றோருள் தமிழர் மிகுதி. விடுதலை பெற்ற அடிமையின் இடத்தில் தமிழ்க் கூலி நிறுத்தப்பட்டான். முதலாளியின் நோக்கு மாறவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடிய வழக்காடியவர் ஹென்றி சிதம்பரம். துராம் பிறந்த தீவின் வரலாற்றில் தமிழ்ப் பெயர் இவ்வாறு பதிந்துள்ளது.

மற்றொன்று மதுரையைச் சூழ்ந்த ஊர்களின் வரலாறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த கள்ளர் சமூகத்தவர் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதியப்பட்டனர். கைரேகை பதித்தல், இரவில் காவல் நிலையத்தில் படுத்தல், ஊர் கடக்க அனுமதிச் சீட்டுப் பெறுதல் ஆகியன அவர்மேல் சுமத்தப்பட்டன. இன்றும் முதியோர் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்குவர். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பதினாறு பேர் உயிரிழந்தனர். இலூயி மன்னரின் சட்டமும் இச்சட்டமும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. இரண்டும் மனிதனின் செயலை விடுத்துப் பிறப்பைப் பதிவேட்டில் எழுதின. சட்டம் நீக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் அச்சொல் நாவில் நிலைத்திருப்பதை மதுரையில் வாழ்வோர் அறிவர். இழிவு கற்பிக்கப்படுகிறது, கற்பிக்கப்பட்டது எளிதில் மறப்பதில்லை என்னும் துராமின் கூற்றுக்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

நூலின் குறைகள்

இவ்வளவு கூறிய பின் நூலின் குறைகளையும் சுட்டுதல் கடன். முதலாவது, ‘வெள்ளை’ என்னும் சொல்லின்மேல் துராம் ஏற்றும் சுமை மிகுதி. வெள்ளை என்பது தோலன்று, ஓர் எண்ணப் போக்கு என்று அவரே விளக்கினாலும், படிப்போர் அதனைத் தோலாகவே கொள்கின்றனர். 2019-இல் இத்தாலியில் லுக்காக்கு என்னும் ஆட்டக்காரர் குரங்கொலியால் இகழப்பட்டபோது, வெள்ளையரின் மேன்மை எண்ணம் குறித்துத் துராம் அளித்த பேட்டி, வெள்ளையர் மீதான இனவெறி என்னும் குற்றச்சாட்டையே அவர்க்கு ஈட்டித் தந்தது. அக்குற்றச்சாட்டு நேர்மையானதன்று, எனினும் அச்சொல்லாட்சி அதற்கு வாயில் திறந்தது. மேலும், நம் நாட்டுச் சாதி அமைப்பு வெள்ளையர் வருமுன்பே வேரூன்றியது. குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியோர் அவ்வேரின்மீதே தம் கட்டடத்தை எழுப்பினர். ஒரே நிறத்தாரிடையே நிலவும் பிறப்பு இழிவை ‘வெள்ளைச் சிந்தனை’ என்னும் சட்டகம் விளக்காது.

இரண்டாவது, நூலின் மையம் நிறமே. பிரான்சில் இன்று முஸ்லிம்கள் எதிர்கொள்ளும் இகழ்ச்சி நிறத்தில் மட்டும் நிற்பதில்லை. தலைமறைப்பை உலகக் கால்பந்து அமைப்பு 2014-இல் அனுமதித்த பின்னும், பிரெஞ்சுக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதனைத் தடுத்தே வைத்தது. 2023 ஜூன் 29-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அத்தடையை ஏற்றது. ஆடுகளத்தின் வெளியே நிறுத்தப்படும் அப்பெண் வெள்ளை நிறத்தவளாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் அளக்கும் கோல் அவளை அளக்காது.

மூன்றாவது, கல்வியின்மேல் துராம் வைக்கும் நம்பிக்கை. 2010 உலகக் கோப்பையில் பயிற்சியைப் புறக்கணித்த பிரெஞ்சு ஆட்டக்காரர்மேல் கடும் நடவடிக்கை வேண்டும் என்று கூட்டமைப்பில் அவர் வலியுறுத்தினார். அணித்தலைவர் எவ்ரா அதற்கு விடையாக, மூக்குக்கண்ணாடியும் தொப்பியும் அணிந்து அடிமைமுறை பற்றிய நூல்களைச் சுமந்து திரிவதால் ஒருவர் மால்கம் எக்ஸ் ஆகிவிடுவதில்லை என்று எள்ளினார். சினத்தில் பிறந்த சொல் எனினும், நூலுக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தொலைவை அது தொட்டுக்காட்டுகிறது. அத்தொலைவு துராமுக்கு மட்டும் உரியதன்று.

நாம் நின்ற இடம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ் பேருரையில், அரபிக்கு அரபியல்லாதார்மேலும், சிவந்தவர்க்குக் கறுத்தவர்மேலும் இறையச்சத்தால் அன்றி மேன்மை இல்லை என்னும் கருத்து அறிவிக்கப்பட்டுள்ளது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்துக்கும் அதுவே உயிர். இவ்விரண்டும் பட்டியல் இலக்கியத்தினின்று அடிப்படையில் வேறுபட்டவை. அவை கறுப்பரின் சிறப்புகளை எண்ணிக் காட்டவில்லை. பிறப்பைக் கொண்டு அளக்கும் கோலையே முறித்தன. ஒரு மனிதரை அவர் தாயைச் சொல்லி இகழ்ந்த அபூதர் (ரலி) அவர்களிடம் அறியாமைக் காலத்தின் எச்சம் உள்ளதாக நபியவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. இகழப்பட்டவர் பிலால் (ரலி) என உரையாசிரியர் சிலர் குறிப்பர். மூல அறிவிப்பில் பெயர் இல்லை. எவராயினும் தீர்ப்பு அதுவே என்பதற்குப் பெயரின்மையே போதும்.

நம் மிம்பர்களில் பிலால் (ரலி) வரலாறு எத்தனை முறை ஒலிக்கிறது! கஅபாவின்மேல் ஏறி அவர் பாங்கு கூறிய காட்சியைக் கேட்டுக் கண் கலங்காதார் இல்லை. அதே மஹல்லாவில் பெண் தேடுவோர் ‘நல்ல நிறமாக இருக்கவேண்டும்’ என்று தரகரிடம் கூறுவதும், நம் இதழ்களின் மணமகள் தேவைப் பக்கங்களில் ‘சிவந்த நிறம்’ நிபந்தனையாக அச்சேறுவதும் நாம் அறியாதன அல்ல. இராவுத்தர், மரைக்காயர், லெப்பை, உருது பேசுவோர் எனப் பிரிந்து நின்று கொள்வினை கொடுப்பினைக்குத் தயங்குவதும், நாவிதக் குடும்பத்தாரைத் தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிறுத்திவிட்டுச் சம்பந்தம் என்றவுடன் விலகுவதும் நம் ஊர்களில் உண்டு. 1981-இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவிய மக்களை வரவேற்று நாம் எழுதிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அத்தகைய குடும்பங்களோடு பழைய குடும்பங்கள் எத்தனை மணவுறவு கொண்டன என்பதற்கு விடை கட்டுரைகளில் இல்லை. ஒவ்வொரு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் உள்ளது.

இதற்குச் சிலர் ஃபிக்ஹு நூல்களின் ‘கஃபாஅத்’ இயலை அரணாகக் கொள்வர். மணமக்களிடையே பொருத்தம் பார்க்கும் அவ்வியலில் குலம், தொழில் ஆகியன ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் பேசப்படுவது உண்மை. ஆயினும் இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார். சுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) குலப் பொருத்தத்தை ஏற்கவில்லை. ஹனஃபிகளுள்ளேயே அல்கர்கீ (ரஹ்) மாறுபட்டார். நிறமோ இந்நான்கு மத்ஹபுகளின் ஏற்கப்பட்ட முடிவுகளில் நிபந்தனையாகவே இல்லை. பெண்ணும் அவள் காப்பாளரும் இசைந்தால் அப்பொருத்தம் தடையாகாது என்பதும் நூல்களில் தெளிவு. குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையின் மகனும் கறுத்த நிறத்தவருமான உஸாமா (ரலி) அவர்களை நபியவர்களே பரிந்துரைத்தார்கள். முதலில் மனம் ஒப்பாத அப்பெண்மணி, ஏற்ற பின் அம்மணத்தில் மிக்க நன்மை கண்டதாகத் தாமே அறிவிக்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இச்செய்தியை நாம் இத்தாவின் சட்டம் விளக்கும் பாடத்தில் ஓதிக் கடந்துவிடுகிறோம்.

துராமின் பயணம் பட்டியலினின்று பதிவேட்டுக்குச் சென்ற பயணம். 2010-இல் மேன்மக்களை எண்ணியவர், 2020-இல் சட்டத்தையும் வணிகக் கணக்கையும் பாடநூலையும் புரட்டினார். அவர் முடிவுகள் யாவற்றையும் ஏற்கவேண்டியதில்லை. அவர் சென்ற திசை சரியானது. நம்மிடம் பட்டியலும் உண்டு, அதனினும் உயர்ந்த அளவுகோலும் உண்டு. ஆயினும் நாம் பட்டியலைப் பாடுவதோடு அமைந்துவிட்டோம்.

அரபிக் கல்லூரிகள் செய்யத்தக்கன சில உள்ளன. அல்ஜாஹிஸின் ஆக்கத்தை இலக்கிய வகுப்பில் உரைநடை அழகுக்காக மட்டும் ஓதாமல், அதே ஆண்டில் மூண்ட ஸன்ஜ் கிளர்ச்சியின் வரலாற்றோடு சேர்த்து ஓதவேண்டும். கஃபாஅத் இயலைக் கற்பிக்கும் ஆசிரியர் உஸாமா (ரலி) அவர்களின் மணச் செய்தியை அவ்விடத்திலேயே விளக்கவேண்டும். இப்னுல் ஜவ்ஸியின் நூலும் துராமின் இரண்டாம் நூலும் நல்ல தமிழில் கிடைக்கச் செய்தல் பயனுடைய பணி. இவை யாவும் ஆலிம்களின் பொறுப்பு. மணப்பேச்சில் நிறத்தையும் குலத்தையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தலோ, ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பு. அதற்கு எந்நூலும் வெளிவரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.